சேட்டக்கும் நெற்சுணையும்

தை அறுவடை தொடங்கியதும் என் பட்டறைக்கு வரும் பழைய சேட்டக் ஸ்கூட்டர்களுக்கெல்லாம் ஒரே குறைதான். "அண்ணே, பிக்கப்பே இல்ல. அந்த ஏர் ஃபில்டரக் கழட்டிப் போட்டுருங்க, பறக்கும்." ஒரத்தநாட்டுக்காரரும் இதையே சொல்வார், திருவையாற்றுக்காரரும் இதையே சொல்வார். அதில் பொய்யில்லை. கழற்றினால் அன்றைக்குப் பறக்கத்தான் செய்யும்.

தொழில் பழகிய நாளில் ஒரு வாத்தியார் வண்டிக்கு நானே அப்படிக் கழற்றிக் கொடுத்தேன். கூலிகூட வாங்கவில்லை, அவ்வளவு பெருமை எனக்கு. மூன்றாம் மாதம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹெட்டையும் பிளாக்கையும் பிரித்தால் பிஸ்டன் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. "நீ சொன்ன மாதிரியே பறந்துச்சு தம்பி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

எங்கள் ஊர்த் தூசி சாதாரணத் தூசி இல்லை. உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே சரக்கு. ரோட்டில் காயப்போட்ட நெல், கொள்முதல் நிலையத்தில் தூற்றும் நெல், அறுவடை மெஷின் கிளப்பிவிடும் சுணை, எல்லாம் வண்டிக்கு முன்னால்தான் பறக்கின்றன. உடம்பில் பட்டால் ராத்திரி முழுக்கச் சொறிய வைக்கும் சுணை, சிலிண்டருக்குள் ஆயிலோடு குழைந்தால் அரைக்கிற பசையாகிவிடும்.

சேட்டக்குக்கு இது இன்னும் ஆபத்து. 1972ல் வந்த இந்த வண்டியின் எஞ்சின் வெஸ்பா வழியில் வந்தது. 145 சிசி, டூ ஸ்ட்ரோக். இதில் காற்றைத் திறந்து மூடத் தனி வால்வு கிடையாது. கிராங்கின் வட்டத் தட்டே, கேஸின் வழவழப்பான பரப்பை ஒட்டினாற்போலச் சுற்றி, வால்வு வேலையைப் பார்க்கும். நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. மணல் அங்கே கீறிவிட்டால் உறிஞ்சிய கலவை திரும்பக் கார்புரேட்டருக்கே துப்பும். சிலிண்டர் தேய்ந்தால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிவிடலாம். கேஸ் கீறினால் போர் போட்டுப் பயனில்லை.

தூசியை விடுங்கள், ஃபில்டர் போனால் கலவையே மாறிவிடுகிறது. காற்று கூடும், பெட்ரோல் வரும் கார்புரேட்டர் துளையான ஜெட் அதேதான் என்பதால் பெட்ரோல் பங்கு குறையும். சேட்டக்குக்கு ஆயில் போவதும் பெட்ரோலோடுதான். லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டுக்குக் கலவை முன்பே கொஞ்சம் இளைத்துத்தான் போகிறது. அதற்கு மேல் ஃபில்டரையும் கழற்றுவதாம்!

பிக்கப் குறைந்தால் நான் முதலில் எடுப்பது ஸ்க்ரூடிரைவர் இல்லை, பெட்ரோல் கிண்ணம். சேட்டக்கின் கம்பிவலை ஃபில்டரை அதில் ஊறவைத்து அலசி, உள்ளிருந்து வெளியே காற்றடித்து உலர்த்தி மாட்டுவேன். பாதி வண்டிக்கு வைத்தியம் அதோடு முடிந்தது. ஜெட்டில் கம்பி, ஊசி விடவே மாட்டேன். 45 என்று எண் போட்ட ஜெட்டின் துளை 0.45 மில்லிமீட்டர், பித்தளை வேறு. ஒரு தடவை குடைந்தால் அது வேறு எண் ஜெட். காற்றடித்தால் போதும்.

பிறகுதான் ட்யூனிங். கரந்தை வரை ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்வேன். கார்புரேட்டர் டப்பாவின் பின்பக்கத்து மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே முட்டவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் வேலை ஆரம்பம். அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பினால் ஐட்லிங் உயர்ந்து நிற்கும் இடம் ஒன்று கிடைக்கும். நான் அங்கே நிறுத்த மாட்டேன். இன்னும் ஒரு துளி வெளியே, பெட்ரோல் பக்கமாக விடுவேன். மைலேஜ் பைத்தியம் பிடித்தவர்கள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் தொங்கினால் கலவை இளைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. கடைசிச் சாட்சி பிளக். பீங்கான் காப்பி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

இத்தனையும் ஃபில்டரும் டப்பா மூடியும் மாட்டிய நிலையில். மூடியைத் திறந்துபோட்டு ட்யூன் செய்கிறவரிடம் வண்டியை விடவேண்டாம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக இல்லாமல் போனது. அதே வருஷம் ஜனவரியில் சேட்டக் என்ற பெயரும் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. அதை ட்யூன் பண்ண எனக்கு எதுவுமில்லை. ஆனால் பழைய சேட்டக்குகள் இன்னும் நெல்மூட்டை சுமக்கின்றன. இத்தனை வருஷத்தில் ஆட்கள் வேண்டாமென்று விட்டுப்போன ஃபில்டர்கள் என் பட்டறையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. உங்கள் வண்டியில் இல்லையென்றால் அறுவடைக்கு முன்னால் வந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம்.