பேச்சு வந்தா கேம் ஊமை!

உங்களுக்கும் இது நடந்திருக்கும் பாஸ். தனியா விளையாடும்போது கேம்ல எறும்பு நடந்தாக்கூட கேட்கும். ஃப்ரெண்டோட பேச வாய்ஸ் சாட்டை ஆன் பண்ணின அடுத்த நொடி... கப்சிப்! அவன் குரல் மட்டும் கணீர்னு கேட்கும். துப்பாக்கிச் சத்தமோ பக்கத்து ஊர்ல பட்டாசு வெடிக்கிற மாதிரி இருக்கும்.

மூணு வாரம் நான் பட்ட பாடு இது. நானும் என் தோஸ்த்தும் வாழப்பாடியில் ஒரே பெஞ்ச். இப்போ அவனுக்கு ஓசூரில் வேலை. வாரம் பூரா ஷிஃப்ட். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு டிஸ்கார்டில் பேசிக்கிட்டே கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடுறது ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சமிருக்கிற பெஞ்ச்.

அந்த கேம்ல பாதி ஆட்டம் காதுலதான். எதிரி எந்தப் பக்கம் வர்றான்னு காலடிச் சத்தம்தான் சொல்லும். எனக்கு அது கேட்காததால ரெண்டு பேரும் மாத்தி மாத்தி செத்தோம். "பின்னாடி வர்றவன்கூடவா தெரியல? இஷ்டம் இல்லாம ஆடாதே மாப்ள"ன்னு மூணாவது ஞாயிறு பாதியிலேயே கிளம்பிட்டான். அடுத்த ஞாயிறு அவன் ஆன்லைனுக்கே வரல.

தெரிஞ்ச கடையில் கேட்டா, "சவுண்ட் கார்டு போயிருக்கும் தம்பி"ன்னாங்க. வீட்டுக்கு வந்து ஒரு சின்ன டெஸ்ட். பாட்டைப் போட்டேன், ஃபுல் சவுண்ட். சாட்டைத் திறந்தேன், பாட்டு அமுங்கிடுச்சு. அப்போ எதுவும் ரிப்பேர் இல்ல. யாரோ வேணும்னே குறைக்கிறாங்க!

நம்ம ஊர் மாரியம்மன் பண்டிகையில் மைக் செட் அண்ணனைப் பார்த்திருப்பீங்களே? அறிவிப்பு வந்தா பாட்டைக் குறைச்சு, முடிஞ்சதும் ஏத்திவிடுவார். 2009-ல் வந்த விண்டோஸ் 7-லிருந்து அதே வேலையைக் கம்ப்யூட்டரும் செய்யுது. நீங்க யார்கூடவோ பேசறீங்கன்னு தெரிஞ்சா, மத்த சத்தத்தை 80 சதவிகிதம் குறைக்கும். நாம மாத்தாத வரைக்கும் செட்டிங் அப்படித்தான் இருக்கும்.

மாத்துறது சுலபம். கன்ட்ரோல் பேனலில் சவுண்ட். அதில் கம்யூனிகேஷன்ஸ் என்கிற டேப். கடைசியா இருக்கிற 'டூ நத்திங்'கை டிக் பண்ணி ஓகே கொடுங்க. கேமை மூடித் திறங்க. டிஸ்கார்டிலும் வாய்ஸ் செட்டிங்ஸில் 'அட்டன்யுவேஷன்'னு ஒரு ஸ்லைடர் உண்டு. அதையும் சைபருக்குத் தள்ளிடுங்க.

'ஹெட்செட்தான் மட்டம்'னு நினைச்சு இடையில் ஒரு புளூடூத் செட் வேற வாங்கித் தொலைச்சேன். அதில் கேம் சத்தம் சுத்தமா போச்சு! காரணம் வேற. சாதாரண புளூடூத் ஹெட்செட்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு பாட்டுக்கு, ஸ்டீரியோ. ஆனா அதில் மைக் கிடையாது. இன்னொண்ணு போன் பேச, 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ'. அதில் மைக் உண்டு, தரம் போன் தரம்தான். சாட் மைக்கைக் கேட்டதும் ஹெட்செட் போன் வழிக்குத் தாவிடும். கேம் பழைய ஸ்டீரியோ வழியிலேயே சத்தத்தை ஊத்திக்கிட்டிருந்தா, நம்ம காதுக்கு வராது. சாட்டில் மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும், கேட்கிறதுக்கு ஹெட்செட்டின் ஸ்டீரியோவையும் தேர்ந்தெடுங்க. இல்லேன்னா பேசாம ஒயர் ஹெட்செட்டுக்கே மாறிடுங்க.

எல்லாம் சரியானதும் அவனுக்கு போன் போட்டேன். "கோளாறு செட்டிங்ல மாப்ள, எனக்கு இஷ்டம் இல்லாம இல்ல"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னான்: "கான்ட்ராக்ட் முடியுதுடா. திரும்ப எடுப்பாங்களான்னு தெரியல. மூணு வாரமா உன்கிட்ட அதைத்தான் சொல்ல வந்தேன். நீ சவுண்ட் வரல, சவுண்ட் வரலன்னே இருந்தே."

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்த மூணு வாரமும் எனக்குத் தெளிவா கேட்ட ஒரே சத்தம் அவன் குரல்தான். அதைத்தான் நான் கேட்கல.

'டூ நத்திங்'கை டிக் பண்ணிக்குங்க ஃப்ரெண்ட்ஸ், தப்பில்ல. ஆனா எதிர்ப்பக்கம் ஒருத்தன் பேச ஆரம்பிச்சா, மத்த சத்தத்தையெல்லாம் கொஞ்சம் குறைக்கிற அந்த மைக் செட் அண்ணன் வேலையை இனி நாமதான் செய்யணும். இப்பல்லாம் ஞாயிறு ஒன்பது மணிக்கு முதல்ல பத்து நிமிஷம் பேச்சு. அப்புறம்தான் கேம்!