கல்பாசியின் சாட்சி

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு சின்ன டப்பாவில் கல்பாசி இருக்கும். குருமா கொதிக்கும்போது இரண்டு துணுக்குக் கிள்ளிப் போட்டால் வாசல்வரை மணக்கும். அந்த மணத்திலேயே வளர்ந்த நான், அது சாட்சி சொல்லக்கூடிய ஜீவன் என்று தெரிந்துகொண்டது கொடைக்கானலில்தான்.

செயின்ட் மேரீஸ் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். கூட வந்த உள்ளூர் சிநேகிதர் ஓரிடத்தில் நின்று, "தெர்மாமீட்டர் பாக்டரி இருந்தது இங்கேதான், ஸார்" என்றார்.

எனக்கு உடனே என் பத்தாவது வயது ஞாபகம் வந்தது. ஜுரத்தில் கிடந்தவன் தெர்மாமீட்டரைக் கீழே போட்டு உடைத்தேன். தரையில் வெள்ளி முத்துக்கள் ஓடின. ஜுரத்தை மறந்து விரலால் உருட்டி விளையாடினேன். மறுநாள் பார்த்தால் ஒரு முத்தைக்கூடக் காணோம். "எங்கேடா போச்சு?" என்றாள் அம்மா. "காணாமப் போச்சும்மா" என்றேன்.

இந்த ஆலை 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது. பின்னால் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி நடத்தியது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமாயிற்று, ஆலையும் மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. 2016-ல், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் சமரசம் ஏற்பட்டது.

"அப்படியானால் விவகாரம் முடிந்துவிட்டதே" என்றேன்.

"மனுஷாள் கையெழுத்துப் போட்டுட்டா. அதோ, அது போடலையே" என்று கீழே சரிவைக் காட்டினார். பாம்பார் சோலை பனிக்குள் கறுப்பாகத் தெரிந்தது.

பாதரசம் ஆவியாக அடுப்பு வேண்டாம். சாதாரண வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் ஏறிவிடும். என் முத்துக்களிலிருந்தும் கொஞ்சம் அப்படிப் போயிருக்க வேண்டும். மரப்பட்டையில் ஒட்டி வாழும் கல்பாசி வகைக்கோ வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவருவதுதான் அதற்கு ஆகாரம். அமுதமானாலும் நஞ்சானாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஹைதராபாத் விஞ்ஞானிகள் ஆலையைச் சுற்றியிருந்த பாசிகளைச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். தொலைவில் எடுத்த பாசியில் இருந்ததைப்போலப் பல மடங்கு பாதரசம் அவற்றில் இருந்தது. யாரும் கேட்காமலே மரங்கள் கணக்கு எழுதி வைத்திருக்கின்றன!

ஒற்றையடிப் பாதையில் சிறிது தூரம் இறங்கினோம். விழுந்து கிடந்த கிளையிலிருந்து சிநேகிதர் ஒரு துணுக்கைப் பெயர்த்து என் கையில் வைத்தார். பழக்கதோஷம், மூக்கருகே கொண்டுபோனேன். லேசாக அதே மணம், எங்கள் வீட்டு அடுப்படி மணம்.

அதைப் பழையபடி கிளைமேலேயே வைத்துவிட்டுக் கையைக் கழுவத் தண்ணீர் தேடினேன். கீழே எங்கேயோ ஓடை சலசலத்தது. கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிற பாம்பாறு. அங்கே போய்க் கழுவத்தான் எனக்கு மனம் வரவில்லை.