ஆங்கில ஆசிரியை ஆவதற்கு எந்த ஊருக்குப் போவது?

ஞாயிறு மாலைகளில் நம் சங்கத்து வாசகசாலையில் என்னைக் காணும் அன்பர்கள் சிலர், "உங்கள் தங்கை எந்த ஊரில் படித்தாள்? எங்கள் பெண்ணையும் ஆங்கில ஆசிரியையாக்க எண்ணம். எங்கே அனுப்பலாம்?" என்று கேட்கிறார்கள். நின்ற இடத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. ஆகவே எழுதத் துணிந்தேன். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் ஆபீஸில் ரசீது எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தா. ஆங்கிலப் போதனையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று யாரேனும் நினைத்தால் அதில் தவறில்லை. ஆனால், இதற்காக ஊர் ஊராக அலைந்தவன் நான். கைப்பணத்தை இழந்தவனும் நான்தான்.

எங்கள் தந்தை கரக்பூர் ரயில்வேயில் வேலை பார்த்தபோதே காலமானார். எனக்கு அப்போது வயது பதினெட்டு; தங்கைக்கு ஆறு. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. நான் விட்ட படிப்பையும் சேர்த்து அவள் படிக்க வேண்டும் என்பது அன்றே எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. அவள் மேதினிபூரில் ஆங்கிலம் எடுத்து பி.ஏ. தேறினாள். கேந்திரிய வித்யாலயத்தில் ஆசிரியையாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்குப் பி.எட். வேண்டும், சி.டெட். என்னும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். இவ்வளவும் பின்னால் தெரிந்துகொண்டது. முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாதவன் முதலில் போய் விழுகிற இடத்தில்தான் நானும் விழுந்தேன். கல்கத்தாவில் ஒரு கடையின் மாடியில் ஓர் அலுவலகம். "120 மணி நேரப் பயிற்சி, ஆங்கிலம் கற்பிக்கும் சர்வதேசச் சான்றிதழ், வெளிநாட்டில் வேலை" என்று பலகை மாட்டியிருந்தார்கள். முன்பணமாக ஐயாயிரம் ரூபாய் கட்டிய பிறகே என் தங்கை வாய் திறந்தாள். "நான் எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகுவேன்?" என்று மேஜைக்குப் பின்னாலிருந்தவரைக் கேட்டாள். எல்லாம் கணினித் திரையிலேயே நடக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். ஐயாயிரம் எழுந்து வரவில்லை. 120 மணி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வழங்கும் செல்ட்டா என்ற சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி உண்டு. ஆனால் அதில் ஆறு மணி நேரம், உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று, பரிசோதகர் பின்னால் அமர்ந்து பார்க்கப் பாடம் நடத்தியாக வேண்டும். மாடி அலுவலகத்தார் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். அந்த அசல் சான்றிதழேகூட நம் நாட்டு அரசுப் பள்ளிகளில் பி.எட். பட்டத்துக்கு ஈடாகாது என்பதையும் அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அதன்பின் வீட்டில் இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்தன. திருச்சியில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்றார் அம்மா. எத்தனை வருஷம் வெளியூரில் இருந்தாலும், பெண் பிள்ளை கடைசியில் நம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய கட்சி. நான் ஹைதராபாத் என்றேன். மாமா விசாரித்துச் சொன்ன தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டதும் அம்மாவின் கட்சி பலம் இழந்தது. ஆனால் மனத்தாங்கல் போகவில்லை. மூன்றாவது அபிப்பிராயம் சொல்ல வேண்டியவள் பேசாமலே இருந்தாள்.

2022 டிசம்பரில் இருவரும் புறப்பட்டோம். ரயில்வே பாஸில் ஒரு விதி உண்டு. நம்மில் பலர் அறிவார்கள். ஊழியரின் கல்யாணமாகாத சகோதரியை அவரைச் சார்ந்தவளாகச் சேர்க்கலாம், தந்தை உயிரோடு இல்லாவிட்டால். தங்கையின் பெயரை அந்தப் படிவத்தில் எழுதும்போதெல்லாம் என் பேனா ஒரு கணம் நிற்கும்.

கரக்பூரின் பிளாட்பாரம் 1,072 மீட்டர் நீளம். 2013-இல் கோரக்பூர் முந்தும்வரை உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. அதில் எங்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு நடந்து சேர்வதற்குள் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையின் மணம் பையைத் தாண்டி வந்துவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் வண்டியில் கழிந்தன. சுவர்ணரேகை, வைதரணி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை என்று ஆறுகளை எண்ணிக்கொண்டே போகும் பாதை அது.

செகந்திராபாத்தில் இறங்கி மெட்ரோ ரயிலில் தார்நாகா என்ற இடத்துக்குப் போனோம். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை ஒட்டினாற்போல் அமைந்திருக்கிறது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம். பாறைகளும் மரங்களுமாக, காலை வெயில் உறைக்காத இடம். 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் ஆங்கிலம் போதிப்பவர்களைத் தயார் செய்வதே அதன் முதல் வேலை. 1972-இல் அயல்மொழிகளும் சேர்ந்தன. 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஆங்கிலத்துக்கென்றே பி.எட். உண்டு, ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கு அஞ்சல்வழிப் படிப்புகளும் உண்டு. லக்னோவிலும் ஷில்லாங்கிலும் கிளைகள் இருக்கின்றன. மர நிழலில் பிரெஞ்சும் அரபியும் பேசிக்கொண்டு போகிற மாணவர்களைக் கண்டதும் என் மனம் அங்கேயே தங்கிவிட்டது. நான் படிக்காத படிப்பெல்லாம் ஒரே மதிலுக்குள் குவிந்து கிடப்பதாகத் தோன்றியது. தங்கையும் ரசித்துத்தான் பார்த்தாள். "ரொம்ப நன்றாக இருக்கிறது, அண்ணா" என்றாள். அவள் அப்படிச் சொன்னால், பின்னால் ஓர் "ஆனால்" வரும் என்று பொருள்.

அன்றிரவு லாலாகுடாவில் என் தந்தையின் பழைய சிநேகிதர் வீட்டில் தங்கினோம். அவர் ஓய்வுபெற்ற கார்டு. அவருடைய மனைவி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. நாங்கள் அத்தை என்று அழைப்போம். இரவு வெகு நேரம் அவர் பேசிக்கொண்டிருந்தார். 1950-களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க முயன்றார்களாம். பயிற்சி பெற்றவர் மற்றவருக்குக் கற்பிக்க, உருளும் பனிப்பந்துபோல அது பெருகும் என்பது திட்டம். வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகளின் வாயில் ஏற்றும் முறை அது. பிறகு 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகளில் அதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தார். இலக்கணத்தை முன்னே வைக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, விடை கண்டுபிடிக்கச் சொல்வது. அந்த முயற்சியில் ஆங்கிலம் தானே படியும் என்பது அவர் கொள்கை. கால அட்டவணை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் இலாகாவின் அட்டவணைக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த முயற்சி உலகமெங்கும் பேசப்படுவதாக அத்தை சொன்னார்.

"பெங்களூரில் 1963 முதல் வட்டார ஆங்கில நிறுவனம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களை அரசாங்கம் அனுப்பிவைக்கும் இடம். நீ இன்னும் வேலைக்கே போகவில்லையே" என்ற அத்தை, சற்று நேரம் கழித்து, "இந்த முறைகள் எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன். எந்த முறையானாலும் நாற்பது பிள்ளைகளின் நடுவில்தான் அது நிற்கிறதா விழுகிறதா என்று தெரியும். பிள்ளைகள் எவ்வளவு அருகில் இருக்கிறார்கள் என்று பார்" என்றார்.

திரும்பும் வழியில் புவனேஸ்வரத்தில் இறங்குவது ஒரு சம்பிரதாயத்துக்காகத்தான் என்று நான் நினைத்திருந்தேன். சில்கா ஏரிக்கரையை ஒட்டி வண்டி வெகு நேரம் ஓடியது. குளிர்காலத்துப் பறவைகள் தண்ணீரில் புள்ளிபுள்ளியாக மிதந்தன. தங்கை அவற்றைப் பார்க்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு வந்தாள்.

புவனேஸ்வரத்தில் ஆச்சார்ய விஹாருக்கு அருகில் இருக்கிறது வட்டாரக் கல்வி நிறுவனம். 1963-இல் ஆஜ்மீர், போபால், புவனேஸ்வரம், மைசூர் ஆகிய நான்கு ஊர்களிலும் இத்தகைய நிறுவனங்கள் எழுந்தன. அவற்றை நடத்துவது, பாடப் புத்தகங்களின் மூலம் நம் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த என்.சி.இ.ஆர்.டி. வெளியூரில் வாழும் நமக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. தமிழ்க் குடும்பமாயிற்றே, மைசூர்தானே நமக்கு என்று எண்ணியிருந்தேன். அப்படியன்று. அவர்கள் கேட்பது தாய்மொழியை அல்ல. எந்த மாநிலத்தில் குடியிருந்து படித்தோம் என்பதை. வங்காளம், ஒரிஸ்ஸா, பீகார், ஜார்க்கண்ட், அந்தமான் ஆகியவற்றில் இருப்பவர்களுக்குப் புவனேஸ்வரம். தென் மாநிலத்தார்க்கு மைசூர்.

கட்டடங்கள் ஹைதராபாத்தைப் போல் மனத்தை மயக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் மதிலுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. நான்கு நிறுவனங்களிலும் இப்படி ஒரு மாதிரிப் பள்ளி உண்டு. நாங்கள் விசாரித்துக்கொண்டு வெளியே வரும் சமயம் பள்ளி விட்டது. குழந்தைகளின் கூச்சல் சாலைவரை வழிந்தது.

வாசலுக்கு அருகில், யாருக்காகவோ காத்துக்கொண்டு பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி மதில் திட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆங்கில நோட்டு. ஆசிரியை சிவப்பு மையால் ஏழெட்டு இடங்களில் ஒரே சொல்லைச் செருகியிருந்தார்: 'தி' என்ற சொல். சிறுமி அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வங்காளமும், தெரிந்த கொஞ்சம் ஒரியாவும் கலந்து பேச்சுக் கொடுத்தாள். இந்தச் சொல் எதற்கு என்றே தெரியவில்லை என்று சிறுமி முகத்தைச் சுளித்தாள்.

நம் தமிழில் அந்தச் சொல்லுக்கு ஈடு கிடையாது. பள்ளியில் எனக்கும் அது கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் வங்காளியில் புத்தகத்துக்கு 'பொய்' என்று பெயர். நாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் குறிப்பிட்ட புத்தகம் என்றால் 'பொய்டா'. ஒரியாவில் 'பஹி', 'பஹிடா'. தங்கை சிறுமியிடம், "நீ பஹிடா என்று சொல்கிற இடத்திலெல்லாம் அநேகமாக இந்தச் சொல் வரும், ஆனால் ஒன்று, உங்கள் பாஷையில் அது வால், இங்கிலீஷில் தலை" என்றாள். சிறுமி சிவப்புச் சொற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, வாய்க்குள் 'டா' சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். ஐந்தாவது சொல்லில் சிரித்துவிட்டாள். ஓரிடத்தில் மட்டும் பொருந்தவில்லை. 'சூரியன்' என்ற சொல் அது. அதற்குத் தங்கையாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் சிறுமியின் தந்தை ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் ஆட்டோவில் தங்கை சொன்னாள்: "அண்ணா, நான் இங்கேதான் படிப்பேன்."

ஹைதராபாத்தின் பெருமையை நான் மறுபடியும் எடுத்துச் சொன்னேன். அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். சில்காவைப் பார்க்காமல் எழுதியது அதுதான். நம் கரக்பூர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்ற பட்டியல். ஹிந்தி பேசுகிறவன் ஸ்கூலை 'இஸ்கூல்' என்பான். தெலுங்குப் பையன் 'பஸ்ஸு' என்று உகரம் சேர்ப்பான், நாமும் அப்படியே. வங்காளிப் பிள்ளைக்கு 'வெரி' என்பது 'பெரி' ஆகிவிடும். கோல் பஜாரில் காய்கறி வாங்கப் போனால் நாலு பாஷை காதில் விழுகிற ஊரில் வளர்ந்ததை நாங்கள் ஒரு குறையாகவே எண்ணியிருந்தோம். "ஹைதராபாத்தில் நான் இன்னும் நன்றாக இங்கிலீஷ் கற்றுக்கொள்வேன். ஆனால் இந்தப் பக்கத்துக் குழந்தை ஏன் தவறு செய்கிறது என்பது எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும். மீதியை இங்கேதான் தெரிந்துகொள்ள முடியும்" என்றாள். எனக்குப் பதில் தோன்றவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. தார்நாகாவின் மர நிழலில் படிக்க விரும்பியவன் உண்மையில் நான்தான் போலும்.

2023-இல் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தாள். அந்த ஆகஸ்ட் 11-ஆம் தேதி, ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்கப் பி.எட். தகுதியாகாது, அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயமே வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தி வந்த இரவு அம்மா தூங்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் கற்பிக்க அந்தத் தீர்ப்பால் தடையில்லை என்று புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று. சின்னக் குழந்தைகளுக்கே கற்பிக்க விரும்பும் பெண்கள் வீட்டில் இருந்தால், இந்த வித்தியாசத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பி.எட். படிப்பு இரண்டு வருஷம். அதில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி. முதல் பாடம் நடத்திய அன்று இரவு தொலைபேசியில் கூப்பிட்டாள். 42 பிள்ளைகளில் மூன்று பேர் தூங்கினார்களாம். "மற்ற 39 பேர்?" என்றேன். "அவர்களும் தூங்கியிருப்பார்கள், மணி அடித்துவிட்டது" என்றாள். ஒரு மாதம் கழித்து அந்தக் கணக்கு மாறியது என்று அவளே சொன்னாள்.

சி.டெட். தேர்வில் 150 கேள்விகள். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கான தாளில், ஆங்கில ஆசிரியையாகப் போகிறவளும் கணித-அறிவியல் அல்லது சமூக அறிவியலில் 60 கேள்விகளுக்கு விடை எழுதியாக வேண்டும். இது அவளுக்குப் பெரிய எரிச்சல். இரண்டு மொழிகளுக்கு முப்பது முப்பது. இருபது மொழிகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். தமிழும் அவற்றில் ஒன்று. முதல் மொழியாக ஆங்கிலத்தையும், இரண்டாம் மொழியாகத் தமிழையும் எடுத்துக்கொண்டாள். பள்ளியில் ஒரு நாளும் தமிழ் படித்தவளல்ல. நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற எழுத்தும், அம்மா பழைய வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு நடத்திய பாடமுமே அவளுக்கு மூலதனம். தேர்வுக்கு முந்தைய வாரம், ஒருமை பன்மை மயக்கங்களைத் திருத்திக்கொண்டு, அம்மா கையில் பென்சிலுடன் அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். தேறிவிட்டாள்.

இப்போது விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருக்கிறாள். வேலை எந்த ஊரில் கிடைக்குமோ தெரியாது. திருச்சியாக இருக்கலாம் என்று அம்மா இன்னும் நம்புகிறார்.