ஏழாயிரம் ரூபாய் அடமானம்

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கு ஓய்வே கிடையாது. முதுகைத் தொட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். பேரருவிப் பக்கம் ஒருவர் என் நண்பனின் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி கபடியா?" என்றார். அடுத்து என் தோளையும் அழுத்தினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் கபடிதான். வடக்கே அக்காடாவில் குஸ்தி பழகியிருக்க வேண்டிய உடம்புகள் இங்கே தென்காசிச் செம்மண்ணில் ரெய்டு போகும். குஸ்தியை நாங்கள் கதையாகத்தான் கேட்டோம். மைதானம் சேறாகிவிட்ட ஒரு மழைநாளில் பி.டி. வாத்தியார் வகுப்புக்குள்ளேயே நின்று சொன்னார்: "ஏலே, கோலாப்பூர்ல ஒரு பிரின்சிபால் சொந்த வீட்டை அடமானம் வச்சு, தங்கிட்ட படிச்ச பையனை ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்காரு. ஒங்க வீட்ல மேட்சுக்குப் போக பஸ்ஸுக்குக் காசு கேட்டா மூஞ்சியத் திருப்புதாவ."

அந்தப் பையன் காஷாபா ஜாதவ். 1926இல் சதாரா மாவட்டத்துக் கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்தவர். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படித்தார். 1948இல் கோலாப்பூர் மகாராஜா செலவு செய்ய, லண்டன் ஒலிம்பிக்குக்குப் போய் ஃப்ளைவெயிட்டில் ஆறாவதாக வந்தார். மண்ணில் புரண்டு வளர்ந்தவருக்கு அங்கே விரித்திருந்த மேட் புதிது. எங்கள் பையன்களும் பின்னாளில் கபடி மேட்டில் முதன்முதலாக இறங்கியபோது, ஷூ போட்ட காலை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். மண்ணில் வராத வழுக்கல் மேட்டில் வரும். அதற்குக் கால் பழக மாசக்கணக்கில் ஆகும்.

1952 ஹெல்சிங்கிக்கு மகாராஜா இல்லை. பல பேரிடம் கை நீட்டியும் போதாமல்தான் பிரின்சிபால் கர்டிகர் ஏழாயிரம் ரூபாய்க்கு வீட்டை எழுதிக்கொடுத்தார். அங்கே கனடாக்காரரையும் மெக்சிகோக்காரரையும் ஜாதவ் சாய்த்தார். ஜப்பானின் இஷியிடம் நெடுநேரம் போராடித் தோற்றார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சோவியத் வீரரோடு மோதக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே அரைமணி ஓய்வு உண்டு என்று எடுத்துச் சொல்ல, பக்கத்தில் இந்திய அதிகாரி ஒருவர்கூட இல்லை. என்னைக் கேட்டால், அந்த அரைமணிதான் இந்தக் கதையிலேயே பெரிய நஷ்டம். வெண்கலம் கிடைத்தது. சுதந்திர இந்தியாவுக்குத் தனியொருவர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்ததற்கு 1996இல் லியாண்டர் பயஸ் வரவேண்டியிருந்தது.

ஜெயித்தவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில், ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில், மல்யுத்தக்காரர்களுக்கென்றே ஒரு புகழ் மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் கலக்கியவர்களின் பெயரெல்லாம் அங்கே ஏறும். எங்கள் ஊரில் அந்த இடத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை ஆர்டர்தான் இருக்கிறது. கபடி வீரர் மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995இல் அர்ஜுனா விருதும் வாங்கியபோது, டீக்கடையில் விருதைவிட வேலையைப் பற்றித்தான் பேச்சு. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கல்லூரிச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போலீஸ் செலக்‌ஷனுக்கு அலைந்த என் நண்பனுக்கும் தெரியாது.

ஜாதவும் போலீஸ்தான். 1955இல் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். பதவி உயர்வு நெடுங்காலம் எட்டிப் பார்க்கவில்லை. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் ஜோதி ஏந்தி ஓடக் கூப்பிட்டார்கள். 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது அதற்கெல்லாம் பிறகு, 2000ஆம் ஆண்டுக் கணக்கில் வந்தது. 2010இல் டெல்லி மல்யுத்த அரங்குக்கு அவர் பெயர் வைத்தார்கள். பத்ம விருதும் அவர் இருக்கும்வரை வரவில்லை.

வாத்தியார் அன்று கதையை வெண்கலத்தோடு நிறுத்திவிட்டார். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், அந்த வீடு மீண்டுச்சா?" என்றான். "கேக்கான் பாரு, வட்டிக்கடைக்காரர் மவன்" என்று வாத்தியார் சிரிக்க, மணி அடித்துவிட்டது. அவன் கேட்டது சரியான கேள்வி. மீண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் சூழ ஊர் திரும்பிய ஜாதவ், குஸ்திப் பந்தயங்கள் நடத்தி, அதில் சேர்ந்த பணத்தைக் கொடுத்துத்தான் பிரின்சிபாலின் வீட்டை மீட்டார்.