உதைக்கறதுக்கு முன்னாடி: ஸ்டார்ட் ஆகாத வண்டி பத்தி ஒரு நீண்ட பதிவு

மழை விட்ட மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் எந்தத் தெருவுக்குள் போனாலும் கிக்கர் சத்தம் கேட்கும் மக்களே. வரிசையா வண்டிகள். ஒவ்வொன்னு மேலயும் ஒரு ஆள் ஏறி உதைச்சிட்டு இருப்பார். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் இதை ஊர் முழுக்க பார்த்தோம்.

ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த நேரம் அது. டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்தாங்க, அதில் பெரும்பாலும் குழந்தைகள். அந்தத் துக்கத்துக்கு முன்னாடி பைக் ஒரு பெரிய விஷயமான்னு கேட்கலாம். ஆனா பால் ஊத்தறவர், பூ கட்டி விக்கறவர், கட்டட வேலைக்குப் போறவர் எல்லாருக்கும் அந்த வண்டிதான் அன்னிக்குக் கூலி. 13ஆம் தேதி மகாதீபம் வேற. வியாபாரம் பார்க்கற நாள் அது. அதனால எல்லாரும் அவசரமா உதைச்சாங்க.

நான் மெக்கானிக் இல்லை, டாக்டர். ஆனா ஸ்டார்ட் ஆகாத வண்டியோட சண்டை போட்டுட்டு நேரா எங்ககிட்ட வர்றவங்க கொஞ்சம் பேர் இல்லை. அதான் இந்தப் பதிவு.

முதல்ல வெள்ளத்தில் முங்கின வண்டி. சாவி போடக்கூடாது, உதைக்கவும் கூடாது. ஏன்?

எஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேல வந்து காற்றை அழுத்தும். காற்று அழுந்தும், தண்ணி அழுந்தாது. ஒரு 100 சிசி வண்டியில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதுக்கு மேல மிஞ்சற இடம் சுமார் 11 மில்லி. ஊசி போடற 10 மில்லி சிரிஞ்ச் பார்த்திருப்பீங்க இல்லையா, அவ்ளோதான். அந்த அளவு தண்ணி உள்ள நின்னா பிஸ்டனுக்கு மேல போக வழியில்லை. நாம பலம் கொடுத்து உதைச்சாலோ, செல்ஃப் போட்டாலோ, தள்ளி ஸ்டார்ட் பண்ணாலோ கனெக்டிங் ராடு வளையலாம். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது எஞ்சின் இறக்கற செலவாயிடும்.

அப்ப என்ன செய்யறது? பிளக்கைக் கழட்டுங்க. கழட்டிட்டு கிக்கரை கையாலேயே மெதுவா அழுத்துங்க. உள்ள தண்ணி இருந்தா பிளக் ஓட்டை வழியா பீச்சும். அப்புறம் ஆயிலைப் பாருங்க. பால் டீ நிறத்தில் இருந்தா தண்ணி கலந்திருக்கு, மாத்தியே ஆகணும். ஏர் ஃபில்டர் நனைஞ்சிருக்கும், அதையும் பாருங்க. கார்பரேட்டர் வண்டின்னா அடியில் இருக்கற ஸ்க்ரூவைத் திறந்து தேங்கினதை வடிக்கணும். டேங்க்ல தண்ணி போயிருந்தா அது பெட்ரோலுக்கு அடியில்தான் நிக்கும். இப்போ பெட்ரோல்ல 20% வரை எத்தனால் கலக்கறாங்க, எத்தனால் தண்ணியை இழுத்துக்கும். அதனால முழுசா வடிச்சிடறதுதான் நல்லது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

இன்னொன்னு. முழங்கால் தண்ணியில் நின்னு வண்டியைத் தள்ளினவங்க காலில் காயம் இருந்து, அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம். "வெள்ளத்துல நின்னேன்"னு டாக்டர்கிட்ட நீங்களா சொல்லுங்க. எல்லாரும் கேட்பாங்கன்னு சொல்ல முடியாது.

சரி, வெள்ளம் இல்லை, சாதாரண நாள். வண்டி எடுக்கலை. இங்க நாங்க நோயாளிகிட்ட கேட்கற அதே கேள்விதான். எப்போ இருந்து? ஓடிட்டு இருக்கும்போது நின்னுச்சா, நின்னுட்டு இருந்தது எடுக்கலையா? நேத்து என்ன பண்ணீங்க?

பௌர்ணமி அன்னிக்கு வெளியூர்ல இருந்து வர்றவங்க ஊர் ஓரத்தில் நூத்துக்கணக்கான வண்டிகளோட நிறுத்திட்டு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து முடிச்சு விடியக்காலை திரும்புவாங்க. வெறுங்காலோட அத்தனை தூரம் நடந்த காலால கால் மணி நேரம் உதைப்பாங்க. பார்த்தா, பக்கத்து வண்டியை எடுத்தவர் கை பட்டு கில் சுவிட்ச் ஆஃப் ஆகி இருக்கும். சைடு ஸ்டாண்டு இறங்கி இருந்தா சில புது வண்டிகள் ஸ்டார்டே ஆகாது. பெட்ரோல் டேப் ரிசர்வுக்குத் திருப்பாமலும் இருக்கலாம். காசு செலவில்லாத இந்த மூணை முதல்ல பாருங்க.

இதெல்லாம் சரின்னா பிளக் கிட்ட போங்க. எனக்குப் பிடிச்ச பரிசோதனை இதுதான், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கற மாதிரி. நல்லா உதைச்ச பிறகும் பிளக் காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரலை. நனைஞ்சு பெட்ரோல் வாசனை அடிச்சா பெட்ரோல் வருது, பெரும்பாலும் கரண்ட்தான் வரலை. இல்லை சோக் போட்டு உதைச்சு உதைச்சு ஓவர்ஃப்ளோ ஆயிருக்கும், துடைச்சு பத்து நிமிஷம் விடுங்க. கரியா இருந்தா காற்று போதலை, ஏர் ஃபில்டர் அடைப்பைப் பாருங்க. கரண்ட் வருதான்னு பார்க்க பிளக்கை எஞ்சின் மேல வச்சு உதைக்கறப்ப திறந்த பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வைங்க. அந்த ஓட்டையில் இருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறியும் ஆவியும் சேர்ந்தா முகம் கருகும். டேங்க்ல பெட்ரோல் இருக்கான்னு தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கறவங்களைப் பத்தி தனியா எழுதத் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

அடுத்தது ட்யூப் போட்டு வாயால உறிஞ்சறது. பெட்ரோல் தீர்ந்த நண்பனுக்கு உதவி செய்யறேன்னு ஒரு வாய் உள்ள போயிடும். வயித்துக்குள்ள போன பெட்ரோலை விட நுரையீரலுக்குள்ள போன சில சொட்டுதான் ஆபத்து. அது தண்ணியை விட லேசானது, சட்டுனு பரவும், நுரையீரலைப் புண்ணாக்கும். அதனால உப்புத்தண்ணி, புளித்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியில் மேல வர்ற பெட்ரோல் மறுபடி மூச்சுக்குழாய்க்குள்ள போகும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தா உடனே ஆஸ்பத்திரி. ஒன்னும் இல்லைன்னாலும் வந்து காட்டிட்டு, குறைஞ்சது 6 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கணும். முதல்ல எடுக்கற எக்ஸ்ரே நல்லா இருந்தாலும் பின்னாடி மாறலாம்.

வண்டி ஒரு வழியா ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில், ஓடற எஞ்சினோட சென்டர் ஸ்டாண்ட் போட்டு செயினைத் துணியால துடைக்கறவங்க இருக்காங்க. துணி மாட்டும், கூடவே விரலும் போகும். துண்டான விரலை ஈரத்துணியில் சுத்தி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணியில் வைங்க. ஐஸ் நேரா விரல்ல படக்கூடாது.

கடைசியா, நான் உண்மையில் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயம்.

பக்கத்துக் கிராமம். ஐம்பது வயசு தாண்டின அப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு பாரமா இருக்குன்னு எழுந்து உட்கார்ந்தார், உடம்பெல்லாம் வேர்வை. மகன் வண்டியை எடுத்தான். எடுக்கலை. உதைச்சான், தள்ளினான், பிளக்கைக் கழட்டி மாட்டினான். நாப்பது நிமிஷம். அந்த நாப்பது நிமிஷமும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "விட்டு உதைடா தம்பி, ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு"ன்னு மகனுக்கு யோசனை சொல்லிட்டு இருந்திருக்கார். அப்புறம் பக்கத்து வீட்டு வண்டியில் ரெண்டு பேருக்கு நடுவில் உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. மாரடைப்பு. பிழைச்சுட்டார், ஆனா இதயத்தோட பம்பிங் குறைஞ்சுடுச்சு. இப்போ நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. அந்தப் பையன் மேல எனக்குக் கோபமே இல்லை. கையில் வண்டி இருக்கற எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்வான்.

ஆனா மாரடைப்பில் அடைபட்ட ரத்தக்குழாய்க்குக் கீழ இருக்கற தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துட்டு இருக்கும். கட்டியைக் கரைக்கற ஊசி எவ்வளவு சீக்கிரம் போடறோமோ அவ்வளவு தசை மிஞ்சும். அதனால நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கறது, மூச்சுத் திணறல், பிரசவ வலி, பாம்புக்கடி, இந்த மாதிரி நேரத்தில் வண்டிச் சாவியை எடுக்கறதுக்கு முன்னாடி 108க்கு அடிங்க. வண்டி நல்லா ஓடற வண்டியா இருந்தாலும் சரி. நெஞ்சு வலிக்காரரை நடக்க விடாதீங்க, வண்டியைத் தள்ள விடாதீங்க, பைக்கில் நடுவில் உட்கார வைக்காதீங்க. பாதி வழியில் மயங்கினா பிடிக்க முடியாது.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னு சொன்னா, ஆட்டோவோ காரோ கிடைச்சா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேளுங்க. 2023ல் ஆரம்பிச்ச இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கு முதல் டோஸ் மாத்திரைகள் அங்க வச்சிருக்காங்க. மொத்தம் 14 மாத்திரை: ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின். அதைக் கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. உங்க ஊருக்குப் பக்கத்தில் எந்த நிலையத்தில் ராத்திரியும் ஆள் இருப்பாங்கன்னு இன்னிக்குப் பகல்லயே விசாரிச்சு வச்சுக்கோங்க.