ஒரே பாட்டு, எல்லா வண்டியிலும்

மாமா கப்பலில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை தூத்துக்குடிக்கு வந்தால் ஒரு மாசம் தங்குவார். 1985-ல் வந்தபோது பெட்டிகளோடு ஒரு வீடியோ டெக்கும் இறங்கியது, கூடவே நாலைந்து கேசட்டுகள். அதில் ஒன்று ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’. எனக்குப் பதினொரு வயசு.

எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை டி.வி. அமெரிக்க கேசட்டைப் போட்டதும் படம் நிற்காமல் மேலே மேலே ஓடியது. அண்ணன் பின்னால் போய் உட்கார்ந்து ஒரு திருகைத் திருப்பித் திருப்பிப் பிடித்து நிறுத்தினான். கையை எடுத்தால் மறுபடி ஓடும். பாவம், அவன் படத்தைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

கதை ஒரே ராத்திரியில் நடக்கிறது. 1962, கோடை முடிகிற நேரம், கலிஃபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற சின்ன ஊர். பள்ளிப் படிப்பு முடித்த கர்ட்டும் ஸ்டீவும் விடிந்தால் விமானம் ஏறி வெளியூர்க் கல்லூரிக்குப் போக வேண்டும். அதுவரை அவர்களும் கூட்டாளிகள் ஜானும் டெர்ரியும் ஊர்த் தெருவில் காரில் போவதும் வருவதும்தான். ஜார்ஜ் லூகாஸ் தான் வளர்ந்த ஊரைத்தான் படமாக்கினார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை. மாமாதான் நடுநடுவே ஒரு வரி சொல்வார்.

ஆனால் யாரும் சொல்லாமலே புரிந்தது ஒன்று உண்டு. அந்த ஊரில் எல்லாக் கார்களிலும் ஒரே ரேடியோ நிலையம் ஓடுகிறது. ஒரு வண்டி கடந்து போகும்போது பாட்டு தேயும். அடுத்த வண்டி வரும்போது அதே பாட்டு விட்ட இடத்திலிருந்து வந்து சேரும். “மாமா, இது நம்ம தெரு மாதிரியே இருக்கு” என்றேன்.

எங்கள் தெருவும் அப்படித்தான். சாயங்காலம் முக்குக் கடையில் சீனி வாங்கிக்கொண்டு கிளம்பினால், டீக்கடையில் பல்லவி, தையல்கடையில் சரணம், எங்கள் வாசலுக்கு வரும்போது பாட்டு முடியும். ஒரு வரி விடுபடாது. எல்லா வீட்டிலும் இலங்கை வானொலிதான். கடல் தாண்டி வந்த அந்தக் குரல்கள் பக்கத்து வீட்டுக் குரல்களைவிடத் துல்லியமாகக் கேட்டன.

படத்தில் அந்தத் தேய்தலும் சேர்தலும் தானாக வந்ததல்ல. ஒலியமைத்த வால்டர் மர்ச், பாட்டுகளை அப்படியே ஒட்டாமல், வெட்டவெளியில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, தள்ளி ஒரு மைக்கை வைத்து, இரண்டையும் அசைத்து அசைத்து மறுபடி பதிவு செய்திருக்கிறார். பாட்டோடு அந்த இடத்தின் காற்றும் பதிவானது. நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். தனியாகப் பின்னணி இசை கிடையாது. இருக்கவும் கூடாது என்பேன்.

படத்து ரேடியோவில் அறிவிப்பாளர் வுல்ஃப்மேன் ஜாக். நிஜமாகவே அந்தப் பெயரில் இருந்தவர். மெக்சிகோ எல்லைக்கு அப்பாலிருந்த நிலையங்களிலிருந்து அவர் குரல் அமெரிக்கப் பையன்களுக்கு எட்டியது. படத்தில் கர்ட் ராத்திரியோடு ராத்திரியாக அவரைத் தேடி நிலையத்துக்கே போகிறான். வெள்ளைக் காரில் போன ஒரு பெண்ணுக்குச் சேதி சொல்ல வேண்டும். உள்ளே ஒரு தாடிக்காரர். குளிர்பெட்டி கெட்டுவிட்டது, குச்சி ஐஸெல்லாம் உருகுகிறது. இவனுக்கும் ஒன்று நீட்டுகிறார். வுல்ஃப்மேன் இங்கே இல்லை, ஒலிநாடாதான் வரும் என்கிறார். கர்ட் சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறும்போது திரும்பிப் பார்க்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே மனிதர், மைக்கின் மேல் கவிழ்ந்து, அந்தக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவுக்கும் அப்துல் ஹமீதுக்கும் நான் மனசுக்குள் முகம் வரைந்து வைத்திருந்த வயசு அது.

கடைசியில் கர்ட் விமானம் ஏறுகிறான். ஸ்டீவ் ஊரிலேயே தங்கிவிடுகிறான். கீழே சாலையில் அந்த வெள்ளைக் கார் சின்னதாகப் போகிறது. பிறகு நான்கு முகங்களும் நான்கு வரிகளும். மாமா வாசித்துச் சொன்னார். கார்ப் பந்தயத்தில் ஜெயித்த ஜான், 1964 டிசம்பரில் குடித்துவிட்டு ஓட்டியவன் மோதிச் செத்துப்போனான். டெர்ரி, 1965 டிசம்பரில் வியட்நாமில் காணாமல் போனான்.

“கண்ணாடி போட்ட அந்தப் புள்ளையா?” அடுக்களை வாசலில் நின்று அம்மா கேட்டாள். மாமா தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் டி.வி.க்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து திரையைப் பார்த்தான். அதற்குள் எழுத்துகள் மேலே ஓடத் தொடங்கியிருந்தன.

அடுத்த வாரம் மாமா கிளம்பிவிட்டார்.

வெகுநாள் கழித்து சென்னையில் அந்தப் படத்தைக் கலரில் பார்த்தேன். ஜானின் 1932 ஃபோர்டு மஞ்சள் நிறம். இத்தனை வருஷமும் மனசுக்குள் அதைச் சாம்பல் நிறத்தில்தான் ஓட்டியிருக்கிறேன். அன்று ராத்திரியே மாமாவுக்கு போன் போட்டேன்.

“மஞ்சள்தான். கப்பல்ல கலர்லதானே பார்த்தேன். உன்கிட்ட சொல்லலையால?” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எலுமிச்சம்பழ மஞ்சள்.”