பிந்தி வந்த பெயர்

காரைக்காலில் ஆனித் திங்கள் மாங்கனித் திருவிழாவன்று மாடிகளிலிருந்து பழங்கள் இறைக்கப்படும். ஊரே கையேந்தி நிற்கும். நாமோ இளமை முதல் அந்நாளில் செவிகளைப் பொத்தி உள்ளறையில் அமர்ந்திருப்போம். கூச்சம் என்றார் அன்னை. திமிர் என்றனர் உறவினர்.

சென்ற ஆண்டு பேரனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஓசையைப் பொறுப்பானா, கண்ணோக்கிப் பேசுவானா, சென்ற வழியிலேயே செல்வானா என அவர் வினவ வினவ, நம் உள்ளமே விடையிறுத்தது. அரசலாற்றுப் பாலத்தை நாற்பதாண்டுகளாக ஒரே ஓரமாகக் கடப்பவர் நாமல்லவா! ஆட்டிசம் என்றார். 1943-இல் லியோ கானர் 11 குழந்தைகளைக் குறித்து எழுதிய நிலை. அத்தகைய குழந்தைகளும் முதியவராவர் என்பதைப் பலரும் எண்ணுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதற்கும் இடமுண்டு; 62 வயதில் சான்றிதழ் கேட்க நமக்குத்தான் மனமில்லை.

அன்றிரவு இல்லாளிடம், மகள் திருமணத்தில் பேண்டு வாத்தியம் முழங்கியபோது பந்தலைவிட்டு அகன்றதன் காரணத்தைச் சொன்னோம். பன்னிரண்டு ஆண்டுகளாக அதை வெறுப்பென்றே எண்ணியிருந்தாள்.

“அப்பொழுதே சொல்லியிருக்கலாமே?”

அப்பொழுது நமக்கே தெரியாதே!

இவ்வாண்டுத் திருவிழாவில் தெருவில் பிடித்த இரு பழங்களை உள்ளறைக்குக் கொண்டுவந்தாள். பேரனுக்கொன்றும் நமக்கொன்றும் தந்து, கதவை மெல்லச் சாத்திச் சென்றாள்.